பெருவிட்ட வைல்ட்கேட் தோட்டாக்கள் எந்தத் தேவைக்காக உருவாயின?

சுரங்கத்தடம் கேட்டது:

வணக்கம். ஜிம்பாப்வேயின் மேற்குப் பகுதியில், ஹுவாங்கே நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் ஆறு ஆண்டுகளாகப் பொறியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். நான் வேட்டைக்காரன் அல்லன். என்னிடம் துப்பாக்கியும் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்குத் தெற்கே தேசியப் பூங்காவும், அதன் ஓரங்களில் உரிமம் பெற்ற வேட்டைப் பகுதிகளும் இருப்பதால், யானையையும் காட்டெருமையையும் அவற்றை எதிர்கொள்ளும் துப்பாக்கிகளையும் பற்றிய பேச்சு காதில் விழாத வாரம் இல்லை.

சென்ற மாதம் எனக்குப் பழக்கமான தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர், தம் துப்பாக்கிகளின் குறியைச் சரிபார்க்கச் சுடுதளத்துக்குப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். மேசையில் நான்கு ரைபிள்கள் இருந்தன. ஒன்று .375 எச் அண்ட் எச், இரண்டாவது.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல், மூன்றாவது.458 லாட்; நான்காவது .500 ஏ-ஸ்கொயர். இந்த எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை. லாட் துப்பாக்கியில் இரண்டு முறை சுட எனக்கு அனுமதி கிடைத்தது. முதல் முறை தோள் அதிர்ந்தது. இரண்டாம் முறை விசைக்காப்பு வளையம் நடுவிரலின் கணுவில் மோதி, மறுநாள் பேனா பிடிக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. நான்காவது ரைபிளை அவர் எனக்குத் தரவில்லை. அதன் தோட்டாவை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். குண்டு மட்டுமே 600 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 39 கிராம். நம் ஊர்க் கணக்கில் ஐந்து பவுனுக்குச் சற்றே குறைவு. அந்த எடை விநாடிக்கு 750 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்பதை அந்தக் கணத்தில் என்னால் மனத்தில் உருவகப்படுத்திக்கொள்ளவே முடியவில்லை.

இந்தத் தோட்டா தொடக்கத்தில் ‘வைல்ட்கேட்’ ஆக இருந்தது என்றும், லாட்டும் அப்படித்தான் பிறந்தது என்றும் அவர் சொன்னார். அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒருபுறம் .577 டைரனோசர் போன்ற தோட்டாக்கள் 13,000 ஜூலைத் தாண்டுகின்றன. மறுபுறம், டபிள்யூ. டி. எம். பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்றும், அவற்றில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய தோட்டாவாலேயே வீழ்த்தினார் என்றும் படிக்கிறேன். சிறிய தோட்டாவே போதுமென்றால், தொழிற்சாலை செய்யாத தோட்டாவைத் தாமே கடைந்து உருவாக்கும் அளவுக்கு மனிதர்கள் ஏன் மெனக்கெட்டார்கள்? வைல்ட்கேட் என்பதன் சரியான பொருள் என்ன? இத்துறையை அருகிலிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடைசல்காரன் பதிலளித்தது:

சுரங்கத்தடம் அவர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவுக்கு அருகே ஒரு துப்பாக்கிப் பட்டறையில் எட்டு ஆண்டுகள் லேத் வேலை பார்த்தவன் என்ற முறையில், என் கையால் அறிந்ததை எழுதுகிறேன்.

எந்தத் தொழிற்சாலையும் விற்பனைக்குச் செய்யாத, அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பிலோ ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்பிலோ அளவுகள் பதியப்படாத தோட்டாவையே வைல்ட்கேட் என்கிறோம். அது முழுக்க முழுக்கப் புதியதாக இருப்பது அரிது. ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை விரித்தோ குறுக்கியோ, கழுத்துக்குக் கீழே கூடு அகலும் ‘தோள்’ பகுதியின் சரிவை மாற்றியோ, நீளத்தைக் குறைத்தோ வேறொரு விட்டமுள்ள குண்டுக்குப் பொருத்துவார்கள். அதற்கேற்ற ரீமர் என்ற குடைகருவியைச் செய்வித்துத் துப்பாக்கியின் தோட்டா அறையைக் குடைவார்கள். பிறகு அந்த அறைக்குள் ஒருமுறை சுட்டால், பித்தளை விரிந்து அறையின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் அந்த அளவுகளைப் பதிவு செய்து தோட்டாவை விற்கத் தொடங்கிவிட்டால் அதன் வைல்ட்கேட் வாழ்வு முடிந்தது. .22-250 பல்லாண்டுகள் அப்படி அலைந்து, 1965இல் ரெமிங்டன் கையில் சேர்ந்தது. நீங்கள் தொட்டுப் பார்த்த .500 ஏ-ஸ்கொயர், .460 வெதர்பி கூட்டின் கழுத்தை .510 அங்குலக் குண்டுக்கு விரித்துச் செய்தது. அதை உருவாக்கியவரின் நிறுவனமே பிறகு தோட்டாவாக விற்றதால், அதைத் தனி நிறுவனத் தோட்டா என்று சொல்வதே இன்று பொருத்தம்.

கூட்டை மாற்றலாம், அறையை மாற்றலாம். ஆனால் குண்டை எவரேனும் செய்து விற்றால்தான் உண்டு. பெருவிட்ட வைல்ட்கேட்டுகள் .458, .475, .510, .585 என்ற சில எண்களிலேயே வந்து குவிவதற்கு இதுவே காரணம். பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல்களுக்காக அந்த விட்டங்களில் குண்டு கிடைத்துக்கொண்டிருந்தது.

இனி, ஏன் மெனக்கெட்டார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். லாட்டின் கதையே அதற்குச் சரியான விடை. 1956இல் வின்செஸ்டர் .458 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த இரட்டைக்குழலின் ஆற்றலை, தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரண ரைபிளில் தருவதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது; ஆனால் கூட்டின் நீளம் 63.5 மில்லிமீட்டர்தான். 500 கிரெய்ன் குண்டை அதில் அமர்த்திய பின் எஞ்சிய இடத்தில் வெடிமருந்தை அழுத்தித்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அழுத்திய மருந்து நாளடைவில், அதிலும் வெயிலில் கிடந்தால், கட்டிதட்டும். கட்டிதட்டிய மருந்து ஒழுங்காக எரியாது. அறிவித்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 650 மீட்டர். களத்தில் பலருக்கும் கிடைத்ததோ 600க்கும் கீழே. அந்த நிறுவனம் பின்னர் மருந்தை மாற்றி இதைச் சரிசெய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் சிலர் விலை கொடுத்துவிட்டார்கள்.

ஜாக் லாட் அவர்களில் ஒருவர். 1959இல் மொசாம்பிக்கில் அவர் .458 வின்செஸ்டரால் சுட்ட காட்டெருமை ஒன்று விழாமல் வந்து அவரைத் தாக்கிக் கடுமையாகக் காயப்படுத்தியது. அவர் கேட்டது அளவற்ற ஆற்றலை அன்று. அறிவித்த வேகம் வெயிலிலும் மழையிலும் தவறாமல் கிடைக்க வேண்டும், அழுத்தம் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதே அவர் வேண்டியது. .375 எச் அண்ட் எச் கூட்டை நேராக விரித்து, 71 மில்லிமீட்டருக்கு வெட்டி, 1971இல் தம் தோட்டாவை வெளியிட்டார். கூடுதலாகக் கிடைத்த அந்த ஏழரை மில்லிமீட்டர் இடம்தான் முழுக் கதையும். 500 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் போயிற்று. அவசரத்துக்கு .458 வின்செஸ்டர் தோட்டாவையும் அதே அறையில் இட்டுச் சுட முடிந்தது. உள்ளூர்க் கடையில் எது கிடைக்கும் என்று தெரியாத ஆப்பிரிக்கப் பயணத்தில் இதன் மதிப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முப்பது ஆண்டுகள் தனிப்பட்டவர்களின் பட்டறைகளில் வாழ்ந்த பிறகு, 2002இல் ஹார்னடி நிறுவனம் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக விற்கத் தொடங்கியது.

.416 விட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. டெய்லர் பெயரிலும் ஹாஃப்மன் பெயரிலும் அலைந்த வைல்ட்கேட்டுகள்தாம் 1988இல் .416 ரெமிங்டன் மேக்னம் வருவதற்குத் தடம் போட்டவை.

ஆனால் ஆற்றலை மேலும் மேலும் ஏற்றும்போது முதலில் தோற்பது எது என்பதைப் பட்டறையில் நின்றால்தான் காண முடியும். ஒருமுறை .510 விட்டத் தோட்டாவுக்கு மாற்றிய ஒரு ரைபிள் பழுதுக்கு வந்தது. குழலிலும் போல்ட்டிலும் ஒரு குறையும் இல்லை. வால்நட் மரக்கட்டையில், விசைக்கும் தோட்டாப்பெட்டிக்கும் நடுவே உள்ள மெல்லிய பாலத்தில், தலைமுடி போல ஒரு கீறல் ஓடியிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. நகத்தால் வருடினால் இடறியது. உதைப்பைத் தாங்கும் இரும்புக் கட்டி மரத்தோடு முழுமையாகப் படியாமல், ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். அந்தக் கட்டையில் குறுக்கே இரண்டாவது எஃகு ஆணி இல்லை. இன்னும் பத்துத் தோட்டாக்கள் சுட்டிருந்தால் கட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். மரத்தைத் திறந்து, கீறலுக்குள் பசை செலுத்தி, எபாக்சியால் படுகை அமைத்து, இரண்டாவது ஆணியும் இட்டு முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

அதே ரைபிளின் தோட்டாப்பெட்டியில் சுடாமல் எஞ்சிய இரண்டு தோட்டாக்கள் இருந்தன. அளந்து பார்த்தேன். ஒன்றில் குண்டு கூட்டுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் உள்வாங்கியிருந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் பாய, பெட்டியில் காத்திருக்கும் தோட்டாவின் மூக்கு முன்சுவரில் மோதும்; கழுத்தைக் குண்டின் பள்ளத்தில் இறுக மடிக்காவிட்டால் குண்டு உள்ளே போய்விடும். உள்ளே இடம் குறைந்தால் அடுத்த சுடலில் அழுத்தம் ஏறும். ஆற்றல் எண்களை மட்டும் படிப்பவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

பழஞ்சுவடி பதிலளித்தது:

கடைசல்காரன் அவர்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அதற்கு முந்தைய காலத்தை நான் சேர்க்கிறேன். ஏனெனில் இத்தோட்டாக்களின் உருவத்தில் இந்தியாவின் பங்கு சிறிதன்று.

ரிக்பி நிறுவனம் 1898இல் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்தான், புகையற்ற மருந்தில் இயங்கிய பெருவிட்ட வேட்டைத் தோட்டாக்களுக்கு முன்னோடி. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் இறக்குமதியாவதை ஆங்கிலேய அரசு தடுத்துவிட்டது. அங்கே படைகளிடமிருந்து கைமாறிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் நிறைய உலவின. அவையும் அதே விட்டம் கொண்டவை. வேட்டைக்கென்று வரும் குண்டும் கூடும் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே தடைக்குக் காரணம். இந்தியாவில் விற்பனையை இழக்க விரும்பாத ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள், விட்டத்தைச் சில நூற்றிலொரு பங்கு அங்குலம் நகர்த்திப் புதிய தோட்டாக்களைச் செய்தார்கள். .465 ஹாலண்ட், .470, .475 நம்பர் 2, .476 ஆகியவை அப்படி வந்தவை. உங்கள் நண்பர் மேசையில் வைத்திருந்த .470 இரட்டைக்குழலின் விட்டம், சென்னை, பம்பாய்த் துறைமுகங்களில் சுங்க அதிகாரி எதைத் தடுப்பார் என்பதை வைத்து முடிவானது. யானையின் மண்டையோட்டை அளந்து எவரும் அந்த எண்ணுக்கு வரவில்லை.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது வெயில். அக்காலத்து ஆங்கிலேயத் தோட்டாக்களில் நிரப்பப்பட்டது கார்டைட் என்ற, நூல்போன்ற வெடிமருந்து. அது சூட்டுக்கு மிகவும் வசப்படும். இங்கிலாந்தின் குளிரில் சீராக இயங்கும் தோட்டா, ஏப்ரல் மாதத்து மத்திய இந்தியாவிலோ ஆப்பிரிக்கச் சமவெளியிலோ அழுத்தம் எகிறி, வெற்றுக்கூடு அறையிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்போது வெற்றுக்கூடு வெளிவராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கூட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகச் செய்து, அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். 1911இல் வந்த .416 ரிக்பியும் .505 கிப்ஸும் அத்தகைய பெருங்கூடுகள். பின்னாளில் சூட்டைத் தாங்கும் மருந்து வந்தபோது, வெயிலுக்காக ஒதுக்கிய அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது. அதை நிரப்பியவர்கள்தாம் அமெரிக்க வைல்ட்கேட்காரர்கள். 1950களில் ராய் வெதர்பி கொண்டுவந்த .378 வெதர்பியின் கூடு, ரிக்பி கூட்டின் பருமனை ஒட்டி, அடியில் வளையம்போல ஒரு பட்டை சேர்த்தது. அதன் கழுத்தை விரித்தால் .460 வெதர்பி, இன்னும் விரித்தால் சுரங்கத்தடம் அவர்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த.500.

இலங்கையைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840களில் இலங்கைக்கு யானை வேட்டைக்கு வந்தபோது அவரிடம் இருந்த ரைபிள், அவர் சொன்ன அளவுகளின்படி பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்தது. 21 பவுண்டு எடை. மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டு. அதற்குப் பதினாறு டிராம் கரிமருந்து. கரிமருந்தில் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது. எனவே ஆற்றல் வேண்டுமென்றால் குண்டைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. தனக்கு வேண்டியதைக் கடையில் காணாமல், தானே அளவு சொல்லிச் செய்வித்தவர் என்ற வகையில், வைல்ட்கேட்காரர்களுக்கு அவரை முன்னோடியாகவே நான் கருதுகிறேன். அந்த வேட்டை இலங்கை மலைநாட்டு யானைகளுக்கு இழைத்த அழிவை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அதையும் இந்த வரலாற்றிலிருந்து பிரித்து எழுத என்னால் இயலாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இத்துப்பாக்கிகளுக்கு வேலை இல்லை, இருக்கவும் வேண்டாம்.

நிறையும் வேகமும் பதிலளித்தது:

நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் சுரங்கத்தடம் அவர்கள் முரண் என்று எழுதியது, கணக்குப் போட்டால் பெரிதும் கரைந்துவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

பெல் பயன்படுத்திய 7 மில்லிமீட்டர் குண்டின் எடை 173 கிரெய்ன், அதாவது 11.2 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர், ஆற்றல் 2,750 ஜூல் அளவில் வரும். .577 டைரனோசரின் குண்டு 750 கிரெய்ன், 48.6 கிராம், வேகம் 750 மீட்டர், ஆற்றல் 13,670 ஜூல். ஐந்து மடங்கு. ஆனால் குண்டு உடலுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஆற்றல் மட்டும் முடிவு செய்வதில்லை. குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பெல்லின் குண்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 21.5 கிராம். டைரனோசருக்கு 22. .375க்கு 21.4, லாட்டுக்கு 23.9; .500க்கு 23.2. வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உருச்சிதையாத திடக்குண்டாக இருந்து, நேராகவும் சென்றால், இவை அனைத்தும் ஊடுருவும் ஆழம் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகாது. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் மனத்தில் பதித்துக்கொண்டவர். மூளையை எட்டும் ஆழம் அவருடைய சிறிய குண்டுக்கே இருந்தது. எஞ்சிய பணியை அவருடைய கண்ணும் கையும் பார்த்துக்கொண்டன.

பெரிய விட்டம் தருவது அகலமான வழித்தடம். அதன் குறுக்குப்பரப்பு நான்கு மடங்குக்கும் மேல். அதற்கு நாம் தரும் விலை தோளில் விழுகிறது. குண்டும் வெளியேறும் வாயுவும் கொண்டுசெல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்கு எதிர்த்திசையில் கிடைக்கும் என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் படித்திருப்போம். சாதாரண .30-06 வேட்டை ரைபிளில் பின்னுதைப்பு ஆற்றல் 28 ஜூல் அளவு வரும். நான்கரைக் கிலோ எடையுள்ள லாட் ரைபிளில் 95 ஜூல். பத்துக் கிலோ அரிசிப் பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் அதுதான். அந்தப் பை விநாடிக்கு நான்கரை மீட்டர் வேகத்தில் வந்து விழும். ரைபிளோ ஆறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்வாங்கும். ஐந்து கிலோ எடையுள்ள .500இல் 150 ஜூல் நெருங்குகிறது. டைரனோசரில், துப்பாக்கியை ஆறு கிலோவாகக் கனக்கச் செய்த பிறகும், 200 ஜூலைத் தாண்டும்.

ஒப்பீட்டுக்காக இன்னொன்று. ஜே. டி. ஜோன்ஸ் என்பவர் 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாவின் கூட்டை நீளத்தில் குறைத்து, கழுத்தை விரித்து .950 ஜே.டி.ஜே. என்ற வைல்ட்கேட்டைச் செய்தார். 233 கிராம் குண்டு, 52,000 ஜூல். அதைச் சுடும் துப்பாக்கி ஏறத்தாழ 40 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். தோளில் தூக்கிக்கொண்டு எவரும் காட்டில் நடக்க முடியாத ஒன்றை வேட்டைத் தோட்டா என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

எனவே என் முடிவு: .375க்கு மேற்பட்டவை அனைத்தும் சுடுபவரின் தன்னம்பிக்கைக்காகவே இருக்கின்றன. விலங்கின் உடலமைப்பு அவற்றைக் கோரவில்லை.

கடைசல்காரன் பதிலளித்தது:

அம்மா, உங்கள் கணக்கில் ஓர் எண்ணையும் நான் மறுக்கவில்லை. முடிவை மட்டும் மறுக்கிறேன்.

பெல் தாமே நேரமும் கோணமும் தேர்ந்து சுட்டவர். வழிகாட்டியாகப் போகும் தொழில்முறை வேட்டைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் சுட வேண்டிய வேளை, விருந்தினர் தவறாகச் சுட்ட பிறகு, முட்புதருக்குள் பத்து மீட்டர் தொலைவில், விலங்கு நேரே வரும்போதுதான் வரும். யானையின் தலையில் மூளையைச் சுற்றித் தேன்கூடு போன்ற எலும்பு இருக்கிறது. குண்டு மூளைக்கு ஓரிரு அங்குலம் தள்ளிப் போனால் சிறிய குண்டு அவ்வெலும்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும், யானை நிற்காது. ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய ஜான் டெய்லர் என்பவர் 1940களில் எடையையும் வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். பலர் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்த்து ஏமாறுகிறார்கள். அவர் அளக்க விரும்பியதோ ஒன்றே ஒன்றுதான்: மூளை தவறிய தலைச்சுடலில், அடுத்த தோட்டாவை ஏற்றும்வரை யானை எவ்வளவு நேரம் திகைத்து நிற்கும் என்பது. அவருடைய கணக்கில் பெல்லின் தோட்டாவுக்கு 16; .470க்கு 73, லாட்டுக்கு 75, டைரனோசருக்கு 154. இதில் 16க்கும் 73க்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிர் காக்கும் என்று களத்தில் உழைத்தவர்கள் பலரும் சொல்கிறார்கள்; நானும் அதை நம்புகிறேன். 75ஐ 154 ஆக்குவதால் கிடைப்பதோ, இரண்டாம் சுடலுக்குத் துப்பாக்கியைக் கீழிறக்க ஆகும் நேரத்தில் கரைந்துபோகிறது. முதல் குண்டு தவறினால் இரண்டாவதுதான் உயிர் என்ற நிலையில், அந்த நேரம் மிகப் பெரிது.

உதைப்பைக் குறைக்கக் குழலின் முனையில் துளையிட்ட பிரேக் பொருத்துவோர் உண்டு. தோள் தப்பும், பக்கத்தில் நிற்கும் தடம்பார்ப்பவரின் செவி போகும். அப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு அதைச் செய்து கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

சுரங்கத்தடம் பதிலளித்தது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை என் வேட்டைக்கார நண்பரிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்நாட்டுச் சட்டப்படி யானைக்கும் காட்டெருமைக்கும் 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் குறைந்த அளவாக இருக்க வேண்டும் என்றும், விருந்தினர்கள் .375உடன் வருவதையே தாம் பெரிதும் விரும்புவதாகவும் அவர் சொன்னார். உதைப்புக்கு அஞ்சாமல், கண்ணை மூடாமல் சுடுகிறவரிடம் .375 இருந்தால் தமக்கு வேலையே வராது என்பது அவர் அனுபவம். தாம் தோளில் சுமப்பது .470 இரட்டைக்குழலை, இரண்டாவது தோட்டா ஏற்கெனவே மற்றக் குழலில் இருக்கிறது என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். அடர்ந்த புதர் இல்லாத நாள்களில் லாட்.

நான்காவது ரைபிளைப் பற்றி நான் கேட்டபோதுதான் ஒரு செய்தி வெளிவந்தது. அது அவர் வாங்கியது அன்று. ஓய்வு பெற்ற ஒருவர் விட்டுச் சென்றது. குழலில் .500 ஏ-ஸ்கொயர் என்று பொறித்திருக்கிறது. உடன் வந்த இருபது தோட்டாக்களில் பன்னிரண்டைச் சுட்டிருக்கிறார். அவற்றில் மூன்று வெற்றுக்கூடுகளில், அடிப்பட்டைக்குச் சற்று மேலே, பித்தளையைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று தெரிகிறது. எனக்குக் காட்டினார், நானும் கண்டேன். இதற்கு என்ன பொருள்? கவலைப்பட வேண்டியதா?

கடைசல்காரன் பதிலளித்தது:

கவலைப்பட வேண்டியதுதான். எஞ்சிய எட்டுத் தோட்டாக்களையும் சுட வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த வெளிறிய கோடு, பித்தளை உள்ளே மெலிந்து நீள்வதன் அடையாளம். தோட்டா அறை தோட்டாவைவிட நீளமாகக் குடையப்பட்டிருந்தால், சுடும்போது கூட்டின் முன்பகுதி அறைச்சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட்டில் மோதும். இடைப்பட்ட பித்தளை இழுபடும். பட்டை வைத்த கூடுகளில் இது அதிகம் நிகழும். ஏனெனில் சிலர் பட்டையை மட்டும் அளவாக வைத்துத் தோளைச் சரியாகக் குடையாமல் விட்டுவிடுவார்கள். ஒரு மெல்லிய கம்பியின் முனையை வளைத்து, வெற்றுக்கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரை வருடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு நேரே கம்பி ஒரு பள்ளத்தில் இறங்கித் தடுக்கினால், கூடு இன்னும் ஓரிரு சுடலில் இரண்டாகப் பிரியும். இதைச் சாதாரண ரைபிளோடு ஒப்பிட வேண்டாம். .375 எச் அண்ட் எச் பருமனுள்ள கூட்டின் அடிப்பரப்பில் 4,000 பார் அழுத்தம் இயங்கினால் போல்ட்டின் மேல் விழும் விசை அதிக அளவாக ஐந்து டன்னை ஒட்டி வரும். வெதர்பி பருமனுள்ள கூட்டில் ஏழு டன். கூடு பிரிந்தால் அந்த வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும்.

குழலில் பொறித்த பெயரை நம்பக் கூடாது. .460 வெதர்பி கூட்டை .510க்கு விரித்த வைல்ட்கேட்டுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. தோளின் இடமும் சரிவும் ஒன்றுக்கொன்று மாறும். ரீமர் எவருடையது, எந்த வரைபடத்தின்படி செய்தது என்று தெரியாதவரை, அந்த ரைபிளுக்கு எந்தத் தோட்டா உரியது என்று எவராலும் உறுதி கூற முடியாது. தேர்ந்த துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், அறையின் வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். குழலை அறைக்குச் சற்று முன்னால் துணியால் அடைத்து, செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கி ஊற்றுவார்கள். கொதிநீருக்கும் குறைந்த சூட்டில் அது உருகிவிடும். ஆறியதும் சிறிது சுருங்கி எளிதாக வெளிவரும். பின்னர் மெல்ல விரிந்து, ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது அறையின் உண்மையான அளவுக்கு வந்து நிற்கும். அந்நேரத்தில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். மறுநாள் அளந்தால் எண் மாறிவிடும். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு வைல்ட்கேட்டின் வார்ப்பையும், நாள், ரைபிளின் எண், அளந்த மணி ஆகியவற்றை எழுதிய சீட்டோடு ஒரு மரப்பெட்டியில் வைத்திருப்போம். உங்கள் நண்பரையும் அதை வாங்கி, ரைபிளோடு சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து அது எவர் கைக்குப் போனாலும் அவருக்கு வேண்டியிருக்கும்.

வார்ப்பின் அளவுகள் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள். எந்த வரைபடத்தோடு பொருந்துகிறது என்று என்னிடம் உள்ள குறிப்பேட்டில் பார்த்துச் சொல்கிறேன்.